மங்கல் கண்ணாடியில் ஒரு கும்பிடுபூச்சி

அந்தக் கேமராவுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. எனக்குப் பொறுமை என்றால் என்னவென்று தெரியாது. இந்த லட்சணத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, பூவில் உட்காரும் தேனீயைக் கிட்டத்தில் படம் பிடிக்கக் கிளம்பினோம்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஒருவர் பின் ஒருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹட்டனுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையும் கிளம்பினார். போவதற்கு முன் பங்களாச் சாமான்களை ஆபீஸ்காரர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பெரிய கிளாக்கருக்குச் சாய்வு நாற்காலி கிடைத்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு மழைக்கோட்டு. கேமராவை யாரும் கேட்கவில்லை. அதனால் அது சின்னக் கிளாக்கரான என்னிடம் வந்தது.

நான் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து பறித்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, ஹட்டனில் படித்து, எங்கள் லயத்திலிருந்து ஆபீஸ் மேசைக்கு வந்து சேர்ந்த முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு இது வேண்டும். பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்புவேன். அவர் உட்காரச் சொன்னதில்லை, நானும் உட்கார்ந்ததில்லை.

டாக்டரையா வீட்டில் மட்டும் எனக்கு நாற்காலி உண்டு. அவர் டாக்டர் இல்லை, தோட்டத்து மருந்துச்சாலையின் டிஸ்பென்சர். ஆனால் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆளில்லை என்பதால் எல்லாருக்கும் அவர் டாக்டரையாதான். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தவர். அவர் வீட்டு முன்னால் இருந்த தோட்டம் பங்களாத் தோட்டத்தையே வெட்கப்பட வைக்கும். டேலியா, கார்னேஷன், ரோசா என்று பாத்தி பாத்தியாக நிற்கும். "வாரும், இரும்" என்று அவர் முதல் தடவை சொன்னபோது நான் பின்னால் திரும்பி யாரைச் சொல்கிறார் என்று பார்த்தேன். அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், நடுவில் கறுப்புத் தோலில் மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி, பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. தலையைக் கறுப்புத் துணிக்குள் விட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால், முன்னால் இருப்பது தலைகீழாகத் தெரியும். துருத்தியை முழுக்க இழுத்துவிட்டுக் கிட்டப் போனால், ஒரு டேலியா கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதன் ஒவ்வொரு இதழிலும் ஓடுகிற நரம்பை எண்ணலாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் துணியிலிருந்து தலையை வெளியே எடுக்க மனமில்லாமல் வெகு நேரம் குனிந்தே நின்றேன். தினமும் கடந்துபோன பூவை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று தோன்றியது.

பூவோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். எனக்குப் பூச்சி வேண்டியிருந்தது. தேனீயின் முதுகில் இருக்கிற ரோமம், வண்டின் கால் பூவை எப்படிப் பற்றுகிறது, இதெல்லாம் வேண்டியிருந்தது. இங்கேதான் அந்தக் கேமராவின் குணம் தெரிந்தது. மங்கல் கண்ணாடியில் பார்த்துத் தெளிவாக்கிய பிறகு, லென்ஸை மூட வேண்டும். படம் பதியும் கண்ணாடித் தகட்டை அடைத்து வைத்திருக்கும் மரச்சட்டத்தைப் பின்னால் செருக வேண்டும். அதன் மூடியை இழுக்க வேண்டும். மறுபடி லென்ஸைத் திறந்து, ஒன்று என்று எண்ணி, மூட வேண்டும். இவ்வளவும் முடிவதற்குள் தேனீ அடுத்த வீட்டுத் தோட்டத்தில் இருக்கும்.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டாக்டரையா தோட்டத்தில் போய் நின்றேன். எனக்குக் கிடைத்தது எல்லாம் ஆளில்லாத பூ. ஹட்டன் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தால், அங்கிருப்பவர், "என்ன கிளாக்கரய்யா, இந்த வாரமும் வெறும் பூவா?" என்பார். நான் முன்கோபி. பூச்சி பறந்தால் பூச்சியைத் திட்டுவேன், அது கேட்காது. வீட்டுக்கு வந்து மனைவியைத் திட்டுவேன், அவள் கேட்டுக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரசம் ஆறிப்போனது என்று சோற்றுத் தட்டை முற்றத்தில் வீசினேன். ரசத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

டாக்டரையா இதையெல்லாம் தன் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள், "நீர் ஏன் பத்து மணிக்கு வாறீர்? விடிய வெள்ளனவே வாரும். குளிருக்குப் பூச்சியள் பூவுக்குள்ளயே விறைச்சுப்போய்க் கிடக்கும். வெயில் பட்டாப் பிறகுதான் பறக்கும்" என்றார்.

அடுத்த ஞாயிறு விடிகிற நேரத்தில் போனேன். பனி விழுந்து பாத்தியெல்லாம் நனைந்திருந்தது. டாக்டரையா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். "அந்தச் சிவத்த டேலியாவைப் பாரும்" என்றார். நடுவில் ஒரு தேனீ. நான் துருத்தியை இழுத்தேன், துணிக்குள் போனேன், தெளிவாக்கினேன், சட்டத்தைச் செருகினேன், மூடியை இழுத்தேன். தேனீ அசையவில்லை. ஒன்று, இரண்டு என்று இரண்டு வரை எண்ணினேன். அது அப்போதும் இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்தப் படம் கழுவி வந்ததும் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். எப்போதும் தலை நிமிராத பெரிய கிளாக்கர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை நீதான் எடுத்தியா?" என்று கேட்டார். அதற்கடுத்த வாரம் கார்னேஷனில் ஒரு வண்டு. அதற்கடுத்து இன்னொரு தேனீ. ஒருநாள் பெரிய கிளாக்கர், "உள்ள வா, உக்காரு, அந்தப் படமெல்லாம் எங்க?" என்றார். அவர் வீட்டு நாற்காலியில் நான் முதன்முதலாக உட்கார்ந்தது ஒரு தேனீயின் புண்ணியத்தில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொன்னேன். "பூச்சிக்கு நம்ம மேல பயம் போகணுங்க. நம்ம மூச்சுக்கூட அதுக்குக் கேக்கக் கூடாது. அதுக்கு நான் பழகிட்டேன், எனக்கு அது பழகிருச்சு" என்று கண்டாக்கையாவிடம் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மருந்துச்சாலை பெருக்குகிறவள் என்னைக் காணும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் உறுத்தியிருக்க வேண்டும். அந்த விடியற்காலைகளில் டேலியாப் பக்கம் குனிந்தால் இனிப்பாக ஒரு வாசனை வரும். டேலியாவுக்கு வாசனை கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் டாக்டரையா பக்கத்தில் நிற்கிறார், அவர்மேல் எப்போதும் மருந்துச்சாலை வாசனைதானே அடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கும்பிடுபூச்சியைப் பார்த்தது மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில். நான் போனபோது டாக்டரையா வாசலில் இல்லை. தூங்குகிறார் போலும் என்று நானே பாத்திகளைச் சுற்றினேன். டேலியாவில் ஒன்றுமில்லை, கார்னேஷனில் ஒன்றுமில்லை. வேலி ஓரத்து ரோசாச் செடியில், விரியப்போகிற மொட்டு ஒன்றின் மேல், முன்கால்களைச் சேர்த்துக் கும்பிட்டபடி அது இருந்தது. பச்சை நிறம். உடம்பு முழுக்கப் பனித்துளி. நான் துணிக்குள் போனேன். மங்கல் கண்ணாடியில் அது தலைகீழாகத் தொங்கியபடி என்னைக் கும்பிட்டது. தெளிவாக்கிக்கொண்டே இருக்கும்போது அதன் முக்கோணத் தலை மெதுவாகத் திரும்பியது. நேராக லென்ஸைப் பார்த்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சட்டத்தைச் செருகினேன். இரண்டு எண்ணும் வரை அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

சாமானை மடித்துக்கொண்டிருந்தபோது டாக்டரையா படிக்கட்டு வழியே மேலே வந்தார். கண் சிவந்திருந்தது. நான் ஓடிப்போய், "ஐயா, கும்பிடுபூச்சி! என்னப் பாத்து தலையத் திருப்புச்சுங்க!" என்றேன்.

"தலையைத் திருப்பினதோ?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது.

சித்திரையில் நுவரெலியாவில் சீசன். பூக்காட்சியில் அந்த வருஷம் படங்களுக்கும் ஒரு மேசை போட்டார்கள். தோட்டத்துப் பூவையும் அதில் வரும் பூச்சியையும் கிட்டத்தில் எடுத்த படங்கள், ஆளுக்கு மூன்று, பூச்சி உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. நான் டேலியாத் தேனீ, கார்னேஷன் வண்டு, கும்பிடுபூச்சி மூன்றையும் பெரிதாக்கி அனுப்பினேன். தோட்டமே பேசியது. லயத்துப் பிள்ளை ஒருத்தன் துரைமார் காட்சியில் படம் வைக்கிறான் என்று என் அப்பா தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பெரிய கிளாக்கர் எதிரில் துண்டைத் தோளிலிருந்து இறக்காமல் நடந்தார். அதைப் பார்த்தபோது, எனக்குப் பரிசு வேண்டாம், அந்தத் துண்டு அங்கேயே இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

டாக்டரையாவும் நானும் பஸ்ஸில் போனோம். அவர் கோட்டுப் போட்டிருந்தார். எனக்கும் ஒரு கோட்டு இரவல் கொடுத்திருந்தார்.

கூடாரத்துக்குள் என் மூன்று படங்களும் மேசையின் ஓரத்தில் இருந்தன. பக்கத்தில் ஓர் அட்டை. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன். இறந்த பூச்சிகள், போட்டிக்கு ஏற்கவில்லை என்று இருந்தது.

படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் ஒரு வயதான வெள்ளைக்காரத் துரை. வண்ணத்துப்பூச்சி சேர்ப்பவராம், வீடு நிறையக் கண்ணாடிப் பெட்டியாம். நான் அவர் முன்னால் போய் நின்று ஆபீஸ் ஆங்கிலத்தில் காரணம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தேனீயின் சிறகைக் காட்டினார். உயிருள்ள தேனீ சிறகை இப்படித் தொங்கவிடாது என்றார். வண்டின் கால்களைக் காட்டினார். அது பூவைப் பற்றவில்லை, பூவின்மேல் கிடக்கிறது என்றார். பிறகு கும்பிடுபூச்சிமேல் விரலை வைத்து, இதுவும் அப்படித்தான், இவ்வளவு அசையாமல் உயிருள்ளது எதுவும் நிற்காது என்றார்.

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் மறந்துபோனது. வயிற்றிலிருந்து தமிழ்தான் வந்தது. "சாமி சத்தியமா உசுரோட இருந்துச்சு! மூணும் உசுரோட இருந்துச்சு! என் மக மேல சத்தியம்! நான் பொய் சொன்னா என் புள்ள எனக்கில்ல!" என்று கத்தினேன். என் மகளுக்கு அப்போது நாலு வயது. எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூடப் பிள்ளைமேல் கை வைக்க மாட்டான்.

துரைக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று டாக்டரையாவைக் கேட்டார். டாக்டரையா கோட்டுப் பித்தானைச் சரி செய்துகொண்டு நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: மூன்றும் உயிரோடு இருந்தவை என்று இவர் தன் மகள்மேல் ஆணையிடுகிறார். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. துரை மரியாதையாகத் தலையை அசைத்தார். அட்டையை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டாக்டரையா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே இருந்தார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்து, நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை மனைவியிடம் கொட்டினேன். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தவள், சத்தியம் என்று வந்ததும் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"புள்ள மேலயா? புள்ள மேலயா சத்தியம் பண்ணுனீங்க?"

"ஆமா. நெசந்தானே. எனக்கென்ன பயம்?"

அவள் ஓடிப்போய் மகளை வாரி எடுத்துக்கொண்டாள். மிளகாயும் உப்பும் அள்ளிப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மாரியம்மா, தெரியாமப் பண்ணிட்டாரு, அந்தத் தண்டனைய எனக்குக் குடு தாயி என்று அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன தெரியாமல் பண்ணினேன் என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அதன் பிறகுதான் குட்டு உடைந்தது.

பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற பாதை டாக்டரையா வேலியை ஒட்டிப் போகிறது. நான் முதல் தேனீயை எடுத்த அன்றைக்கே, நான் எழுந்திருக்குமுன் குடத்தோடு போன அவள் அதைப் பார்த்துவிட்டாள். டாக்டரையா ஒரு கண்ணாடிக் குப்பிக்குள்ளிருந்து தேனீயை எடுத்தார். பஞ்சில் ஏதோ மருந்தை நனைத்து அதன் மூக்கில் காட்டுவதுபோலக் காட்டினார். அது செத்து அடங்கியதும் டேலியாவின் நடுவில் வைத்து, விரலால் காலைச் சரி செய்தார். எனக்கு அடித்த அந்த இனிப்பு வாசனை அந்த மருந்துதான். சனிக்கிழமை பின்னேரமே பிடித்துக் குப்பியில் போட்டு வைத்துவிடுவாராம். மருந்துச்சாலை பெருக்குகிறவளுக்குத் தெரியும். அவள் சொல்லிப் பீலிக்கரை முழுக்கத் தெரியும். கண்டாக்கையாவுக்குத் தெரியும். தோட்டத்தில் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

"நீ ஏன் சொல்லல?"

"பூச்சி கெடைக்காத அன்னிக்கு நீங்க சோத்துத் தட்டத் தூக்கி எறிஞ்சீங்களே, அது மறந்துபோச்சா? அது கெடைச்ச பொறகுதான் ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசுனீங்க. நான் ஏன் சொல்றேன்?"

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். மகள் அவள் இடுப்பில் இருந்தாள். கையை இறக்கிக்கொண்டு தகடுகளை எடுத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு, தேதி எழுதி, சீயக்காய்ப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் ஒவ்வொன்றாக உடைத்தேன். பெரிதாக்கிய படங்களை அடுப்பில் திணித்தேன். கடைசித் தகட்டை உறையிலிருந்து எடுத்தபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பின்னேர வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கும்பிடுபூச்சி கறுப்பு வெள்ளை மாறித் தெரிந்தது. "நீயுமா என்னைக் கும்பிட்டு ஏமாத்துன?" என்று சொல்லிக் கல்லில் ஓங்கி அடித்தேன். மனைவி பிறகு வந்து கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். உறைகளை ஏனோ வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. டாக்டரையா வழக்கம்போல இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வராந்தாவில் இருந்தார். நான் படியேறவில்லை.

"ஏன் செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "மூண்டு மாசம் நீர் வெறுங்கையோட திரும்பிப் போறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலேல்ல. ஒண்டு கிடைச்சா உமக்கு ஒரு உற்சாகம் வருமெண்டுதான் செய்தனான். பிறகு நிப்பாட்ட வழி தெரியேல்ல."

"எனக்குத் தானா கெடைச்சிருக்காதா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "குறை நினையாதையும். உங்கட ஆக்கள் லயத்தில இருந்து ஒருக்கா மேல வந்தா, ஒண்டு சரிவராட்டி உடன கைவிட்டிட்டுத் திரும்பக் கீழ போயிடுவியள். எத்தினை பேரைக் கண்டிருக்கிறன். உம்மையும் அப்பிடி விடக் கூடாதெண்டு நினைச்சன்."

இதற்குத்தான் நாற்காலி. பெரிய கிளாக்கர் என்னை வாசலில் நிறுத்தி வெளிப்படையாகச் சொன்னதை, இவர் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய கிளாக்கர் எவ்வளவோ மேல். அவர் என்னிடம் நடிக்கவில்லை.

"நான் புள்ள மேல சத்தியம் பண்ணும்போது பக்கத்துலதானே நின்னீங்க? அத இங்கிலீசுல வேற எடுத்துச் சொன்னீங்களே?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் வாய் திறந்திருந்தா உம்மட மானம் போயிருக்கும்."

"யாரு மானம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். இரவல் கோட்டை ஆபீஸ் பையன் கையில் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாதம் போல நாங்கள் பேசவில்லை. எதிரில் வந்தால் நான் தேயிலைக்குள் இறங்கி வேறு பாதை பிடிப்பேன். அப்பாவின் துண்டு பழையபடி தோளிலிருந்து கைக்கு வந்துவிட்டது. கேமரா கட்டிலுக்கடியில் கிடந்தது.

வைகாசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணச் சளிக் காய்ச்சல்தான், அந்த மழையில் லயத்துக்கு ஒன்பது பிள்ளை அப்படிக் கிடந்தன. ஆனால் என் மனைவிக்கு அது காய்ச்சல் இல்லை, என் சத்தியம். இரண்டு நாள் மாரியம்மன் திருநீறு போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அந்தப் பயம் உள்ளே இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நான் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி, எந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று இருந்தேனோ அந்தப் படியில் போய் நின்றேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், ஊசி போட்டார், ஈரத்துணி போட்டார். மத்தியானம் வரை எங்கள் பலகையில் உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் காய்ச்சல் இறங்கி, பிள்ளை கஞ்சி கேட்டது. என் மனைவி அவர் காலில் விழப்போனாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிறபோது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஒண்டு சொல்ல வேணும். அந்தக் கும்பிடுபூச்சி நான் வைச்சதில்லை" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு பூச்சியும் அம்பிடேல்ல. விடிய முன்னம் மூண்டாம் லயத்தில ஒரு பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். நான் திரும்பி வரேக்க நீர் படத்தை எடுத்துப்போட்டு நிண்டீர். அது உம்மட படம்தான். முழுக்க உம்மட."

"இத ஏன் அந்தத் தொரைகிட்டச் சொல்லல?"

"அது உயிரோட இருந்ததெண்டு சொன்னா, மற்ற ரெண்டும் என்னெண்டு கேட்டிருப்பார்" என்றார் அவர். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு மழையில் போய்விட்டார்.

அவரை நம்பவா வேண்டாமா என்று அன்று முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். உற்சாகம் தருவதற்காக ஒரு தேனீயை வைத்தவர், சமாதானம் செய்வதற்காக ஒரு கதையை வைக்க மாட்டாரா? மறுநாள் ஆபீசில் பிறப்புப் புத்தகத்தை எடுத்தேன். அதை எழுதுவது என் வேலை. சீயக்காய்ப் பெட்டியிலிருந்து, கும்பிடுபூச்சித் தகடு இருந்த வெறும் உறையையும் கொண்டுபோயிருந்தேன். உறையில் இருந்த தேதியும் புத்தகத்தில் இருந்த தேதியும் ஒன்று. மூன்றாம் நம்பர் லயம், பெண் குழந்தை, விடியற்காலை. பக்கத்துக் கட்டத்தில், பிரசவத்தின்போது டிஸ்பென்சர் இருந்தார் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தேன். அவரைத் திட்ட மனது வார்த்தை தேடியது, கிடைக்கவில்லை. எனக்கு இந்தப் புத்தகம் எதற்கு? செத்த பூச்சி தலையைத் திருப்பாது. அது திருப்பியதை உலகத்தில் ஒரே ஒருவன்தான் பார்த்தான், கறுப்புத் துணிக்குள், தலைகீழாக, உடம்பு சிலிர்க்க. அவன் சொன்னதை அந்த வெள்ளைக்காரத் துரை நம்பவில்லை. உண்மை தெரிந்தும் டாக்டரையா வாய் திறக்கவில்லை. துவைக்கிற கல்முன் அந்தத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நானும் அவனை நம்பவில்லை.